பலிபீடமும் பந்தியும்: பண்டைய கிரேக்கத் திருவிழாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி ஏதென்ஸைப் பற்றியது. கிரேக்க உலகில் நூற்றுக்கணக்கான நகர அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நாள்காட்டி, தனி விழாக்கள். ஆனால் கல்வெட்டு, நாடகம், வழக்குமன்றப் பேச்சு, பானை ஓவியம் என்று சான்றுகள் குவிந்து கிடப்பது ஏதென்ஸில்தான். காலம் பெரும்பாலும் கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகள்.

கிரேக்கத் திருவிழா சாமி காரியமா, ஊர்க் கொண்டாட்டமா?

இப்படி இரண்டாகப் பிரிப்பது நம் பழக்கம். அவர்களுக்கு அந்தப் பிரிவினையே புரிந்திருக்காது. பழைய கிரேக்க மொழியில் ‘மதம்’ என்ற நம் சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் சொல் கிடையாது. ‘ஹெயோர்த்தே’ என்றால் திருவிழா: அதற்குள் ஊர்வலம், பலி, விருந்து, பாட்டு, ஆட்டம், போட்டி எல்லாம் அடக்கம். ஓட்டப் பந்தயமும் தெய்வத்துக்குத்தான், நாடகமும் தெய்வத்துக்குத்தான்.

இந்த விழாக்களைப் புரிந்துகொள்ள நான் சொல்லும் வழி ஒன்றுதான்: கறி யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பலியிட்ட இறைச்சியில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை, யாருக்கு முதல் பங்கு என்று பார்த்தால் தெய்வமும் தெரியும், ஊரும் தெரியும்.

பலி எப்படி நடந்தது?

கோயிலுக்கு உள்ளே அல்ல. பலிபீடம் வெளியே, திறந்தவெளியில், பெரும்பாலும் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும். கோயில் என்பது தெய்வச் சிலையின் வீடு; கூட்டம் கூடுவது வாசலில்.

மாட்டையோ ஆட்டையோ அலங்கரித்து ஊர்வலமாகக் கூட்டி வருவார்கள். ஒரு பெண் தலையில் கூடை; அதில் பார்லி மணிகள், மணிகளுக்கு அடியில் கத்தி. எல்லோரும் கை கழுவுவார்கள். மிருகத்தின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள், பார்லியைத் தூவுவார்கள், நெற்றி முடியில் கொஞ்சம் வெட்டித் தீயில் போடுவார்கள். வெட்டு விழும் நொடியில் பெண்கள் குலவையிடுவார்கள். ‘ஒலொலுகே’ என்று அதற்குப் பெயர். சொல்லிப் பார்த்தாலே குலவைச் சத்தம் கேட்கும்.

அப்புறம் பங்கு பிரிப்பு. தொடை எலும்புகளைக் கொழுப்பில் சுற்றித் தீயில் எரிப்பது தெய்வத்துக்கு. ஈரல், இதயம், நுரையீரலைக் கம்பியில் கோத்து அங்கேயே சுட்டு, பீடத்தைச் சுற்றி நிற்கும் முக்கியஸ்தர்கள் சாப்பிடுவார்கள். மீதிக் கறியை வெட்டிப் பகிர்ந்து கொடுப்பார்கள்.

நல்ல கறியை மனிதர்கள் தின்றுவிட்டு எலும்பைச் சாமிக்குக் கொடுப்பதா?

கிரேக்கர்களுக்கே இந்தக் கேள்வி உறுத்தியது. அதனால்தான் ஒரு கதை வைத்திருந்தார்கள். பழங்காலக் கவிஞர் ஹீசியட் சொல்கிறபடி, மெக்கோனே என்ற இடத்தில் தெய்வங்களும் மனிதர்களும் பங்கு பிரித்துக்கொள்ள உட்கார்ந்தபோது, மனிதர்கள் பக்கம் நின்ற தந்திரக்காரத் தேவன் பிரமீதியஸ் ஒரு பக்கம் நல்ல கறியை மாட்டின் வயிற்றுப் பைக்குள் ஒளித்து வைத்தான். மறுபக்கம் வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி வைத்தான். தெய்வங்களின் தலைவர் ஜீயஸ் கொழுப்பை எடுத்தார். ஏமாற்று தெரிந்தே எடுத்தார் என்கிறார் ஹீசியட். கோபத்தில் மனிதர்களிடமிருந்து நெருப்பைப் பறித்ததும், அதைப் பிரமீதியஸ் திருடி வந்ததும் அதற்குப் பிந்தைய கதை. அதாவது, மனிதன் தெய்வத்திடமிருந்து பிரிந்ததே பந்தியில்தான்.

கறிப் பங்கீட்டுக்கு நிஜமான சான்று இருக்கிறதா?

இருக்கிறது, கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனாவின் விழா பானதெனேயா ஆண்டுதோறும் நடப்பது; நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பெரிதாக நடக்கும். கி.மு. 330-களைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு சிறிய பானதெனேயாவின் ஏற்பாடுகளைச் சொல்கிறது. ஒரு நிலத்தின் குத்தகைப் பணம் 41 மினா, அதாவது 4,100 திராக்மா. அதில் பசுக்கள் வாங்க வேண்டும். ஊர்வலம் முடிந்ததும் அவற்றை அதீனாவின் பெரிய பீடத்தில் பலியிட வேண்டும். அழகானவற்றில் ஒன்றை மட்டும் வெற்றித் தேவி நைக்கியின் பீடத்துக்கு ஒதுக்க வேண்டும்.

இன்னொரு பலியின் கறிக்குப் பங்குக் கணக்கையும் அதே கல்வெட்டு சொல்கிறது: ஆட்சிக் குழுவினருக்கு ஐந்து பங்கு, ‘ஆர்க்கன்’ என்ற ஒன்பது உயர் அதிகாரிகளுக்கு மூன்று, தேவியின் கருவூலக்காரர்களுக்கு ஒன்று, விழா நடத்துபவர்களுக்கு ஒன்று, படைத் தளபதிகளுக்கும் அவர்களுக்குக் கீழுள்ள தலைவர்களுக்கும் மூன்று. பசுக்களின் கறியோ மக்களுக்கு. கெராமெய்க்கோஸ் பகுதியில் வைத்து ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு? அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் ஊர்வலத்தில் நடந்தார்களோ அந்தக் கணக்குக்கு. நடந்தால் கறி!

சாமானியர்கள் அன்றாடம் சாப்பிட்டது பார்லிக் களி, ரொட்டி, ஆலிவ், வெங்காயம், பாலாடைக் கட்டி, எப்போதாவது மீன். மாட்டுக் கறியை வயிறார ருசித்தது பெரும்பாலும் இந்த மாதிரி நாட்களில்தான்.

கிராம அளவிலும் இதே கறார்தான். ஏதென்ஸைச் சேர்ந்த எர்க்கியா என்ற ஊரின் பலிப் பட்டியல் கிடைத்திருக்கிறது. எந்த நாளில், எந்தத் தெய்வத்துக்கு, எந்த மிருகம், என்ன விலை என்று வரிசையாக இருக்கும்: பன்றிக்குட்டி 3 திராக்மா, செம்மறிக் கடா 12 திராக்மா. அதற்குச் சற்று முந்தைய காலத்தில் கட்டட வேலைக்காரரின் நாள் கூலி 1 திராக்மா என்று ஏதென்ஸின் கட்டுமானக் கணக்கு ஒன்று காட்டுகிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பலிகளின் பக்கத்தில் ‘ஊ ஃபோரா’ என்று ஒரு குறிப்பு: ‘எடுத்துப் போகக் கூடாது’. அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டும், வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. இந்த விதியை எழுதி வைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று யூகிக்கக் கல்வெட்டு அறிஞர் தேவையில்லை.

மிருகத்தைக் கொல்வதில் குற்ற உணர்ச்சி இருந்ததா?

அறிஞர்கள் இதில் அடித்துக்கொள்கிறார்கள். இருந்தது என்பவர்களின் முதல் சாட்சி, ஏதென்ஸில் கோடையில் ஜீயஸுக்கு நடந்த ‘பூஃபோனியா’. பெயரின் பொருளே ‘எருதுக் கொலை’.

பீடத்தின் மேல் தானியத்தை வைத்துவிட்டு எருதுகளைச் சுற்றி வர விடுவார்கள். எந்த எருது வாய் வைக்கிறதோ அது ‘தெய்வத்தின் உணவைத் தின்ற குற்றவாளி’. ஒருவர் கோடரியால் அடித்துவிட்டு, கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். கறியை எல்லோரும் தின்ற பிறகு வழக்கு! பிற்காலத் தத்துவவாதி போர்ஃபிரி தரும் விவரத்தில், தண்ணீர் கொண்டுவந்த பெண்கள் ‘கோடரியையும் கத்தியையும் தீட்டியவர்கள்தான் காரணம்’ என்பார்கள். தீட்டியவர்கள் எடுத்துக் கொடுத்தவனைக் காட்டுவார்கள். அவன் வெட்டியவனைக் காட்டுவான். வெட்டியவன் கத்தியைக் காட்டுவான். கத்தியால் பதில் சொல்ல முடியாது. ஆகவே கொலைக் குற்றம் அதன் மேல் விழும், கடலில் வீசிவிடுவார்கள். எருதின் தோலில் வைக்கோல் திணித்து, நிற்க வைத்து, ஏரில் பூட்டுவார்கள். எருது சாகவே இல்லை, உழுதுகொண்டிருக்கிறது!

எனக்கென்னவோ இதில் குற்ற உணர்ச்சியை விட வேடிக்கைதான் தூக்கலாகத் தெரிகிறது. நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபேனஸ் காலத்திலேயே இது ‘அரதப் பழசு’ என்பதற்கு உதாரணமாகியிருந்தது. ஆனாலும் வருடா வருடம் செய்தார்கள்.

பானதெனேயா ஊர்வலத்தில் யார் யார் நடந்தார்கள்?

ஒரு பகல் நேரத்துக்கு நகரமே தன்னை வரிசைப்படுத்திக் காட்டும். டிப்பிலான் வாசலில் கிளம்பி, கெராமெய்க்கோஸ், சந்தைவெளி வழியாக அக்ரோபோலிஸ் குன்றில் ஏறும். அதீனாவுக்குச் சாத்த ‘பெப்லோஸ்’ என்ற புது ஆடை. தெய்வங்கள் அரக்கர்களை வென்ற போர் அதில் நெய்யப்பட்டிருக்கும். ஒன்பது மாதம் முன்பே தறியில் ஏற்றிவிடுவார்கள். பெரிய பானதெனேயாவில் இந்த ஆடையைச் சக்கரம் வைத்த கப்பலில் பாய் போலக் கட்டித் தெருவில் இழுத்து வந்தார்கள்.

குடிமக்களின் பெண்கள் கூடை சுமப்பார்கள். ஏதென்ஸில் குடியிருந்த வெளியூர்க்காரர்களான ‘மெட்டிக்’ ஆண்கள் ஊதா அங்கி போட்டுத் தட்டு சுமப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடம். இதை ‘வெளியூர்க்காரருக்கும் மரியாதை’ என்றும் படிக்கலாம், ‘நீ தட்டுத் தூக்குகிறவன்’ என்று வருடம் தவறாமல் நினைவூட்டுவது என்றும் படிக்கலாம். நகைச்சுவை நாடகங்களில் ‘தட்டுக்காரன்’ என்றால் மெட்டிக்கைச் சீண்டுவது. நான் இரண்டாவது பக்கம்.

கூடை சுமப்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்பதற்கு ஒரு கொலையே சாட்சி. அன்றைய ஆட்சிக் குடும்பத்து ஹிப்பார்க்கஸ், தன்னை மறுத்த ஹார்மோடியஸைப் பழிவாங்க, அவன் தங்கையைக் கூடை சுமக்க அழைத்துவிட்டு, ‘உனக்குத் தகுதியில்லை’ என்று திருப்பி அனுப்பினான். கி.மு. 514 பானதெனேயாவில், ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஹிப்பார்க்கஸை ஹார்மோடியஸும் அவன் நண்பன் அரிஸ்டோகெய்ட்டனும் குத்திக் கொன்றார்கள். வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் விரிவாக எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இவர்களுக்குச் சந்தைவெளியில் ‘சர்வாதிகாரியைக் கொன்றவர்கள்’ என்று சிலை வைத்தார்கள்.

நாடகம் எப்படி ஒரு தெய்வ விழாவுக்குள் வந்தது?

வெளியிலிருந்து வந்து சேரவில்லை, அங்கேதான் வளர்ந்தது. இளவேனிலில் நடந்த நகர டயோனிசியாவில் முதலில் மதுத் தெய்வமான டயோனிசஸின் சிலையை எடுத்து வருவார்கள். ஏதென்ஸ் குடிமக்களின் பத்து குலப் பிரிவுகளும் தலா 50 ஆண்கள், 50 சிறுவர்கள் கொண்ட பாட்டுக் குழுக்களை இறக்கும். அதுவே ஆயிரம் பேர். மூன்று கவிஞர்கள் தலா மூன்று துன்பியல் நாடகங்களும் ‘சட்டிர்’ என்ற பாதி மனித, பாதி மிருகக் கூட்டத்தை வைத்த ஒரு கேலி நாடகமும் போடுவார்கள். நகைச்சுவை நாடகங்கள் தனி.

நாடகத்துக்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏதென்ஸின் ஆதிக்கத்தில் இருந்த நகரங்கள் கட்டிய கப்பப் பணத்தை அரங்கின் நடுவில் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த நகரங்களின் தூதர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். போரில் அப்பா இறந்து அரசு செலவில் வளர்ந்த பையன்கள், வயது வந்ததும் முழுக் கவசத்தில் அணிவகுப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, போரினால் அழிந்த குடும்பங்களைப் பற்றிய நாடகத்தை அதே கூட்டம் பார்க்கும்.

அழ வைப்பதற்கும் எல்லை உண்டு. நட்பு நகரமான மிலீட்டஸைப் பாரசீகர்கள் கி.மு. 494-இல் அழித்தார்கள். அதை ஃப்ரினிக்கஸ் நாடகமாக்கியதும் அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டு, இனி யாரும் அதை மேடையேற்றக் கூடாது என்றும் தடுத்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ்.

செலவு யார் தலையில்?

பணக்காரர்கள் தலையில். ஒரு பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி, உடை, சாப்பாடு எல்லாம் ‘கொரேகஸ்’ என்று நியமிக்கப்பட்ட செல்வந்தர் பொறுப்பு. ஒரு வழக்கில் பிரதிவாதி தன் தாராளத்தைப் பட்டியல் போடுகிறார்: துன்பியல் நாடகக் குழுவுக்கு 3,000 திராக்மா, டயோனிசியாவில் ஆண்கள் குழுவுக்கு வெற்றிச் சின்னம் நிறுவியது உட்பட 5,000 திராக்மா. நீதிபதிகளே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது உட்பொருள்.

கொரேகஸாக இருப்பவரின் உடம்பும் அந்த நாட்களில் புனிதம். பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கொரேகஸாக அலங்கார உடையில் நின்றபோது, பழைய பகையாளி மெய்டியஸ் அரங்கிலேயே கன்னத்தில் அறைந்துவிட்டான். ‘அடித்தது என்னை அல்ல, விழாவை’ என்ற தோரணையில் டெமாஸ்தனிஸ் எழுதிய நீண்ட உரை இன்றும் கிடைக்கிறது. கடைசியில் 30 மினா வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார் என்று கேலி செய்கிறார் இன்னொரு பேச்சாளரான எஸ்கினிஸ். அவர் ஜென்ம எதிரி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதே டெமாஸ்தனிஸ் மாசிடோனியாவின் பிலிப்புக்கு எதிராகப் பேசும்போது வேறு பாட்டுப் பாடுகிறார்: பானதெனேயாவும் டயோனிசியாவும் சொன்ன தேதியில் நடக்கின்றன, ஒரு கப்பற்படைக்கு ஆவதை விட அதிகம் செலவு செய்கிறீர்கள், உங்கள் படையோ எப்போதும் தாமதமாகவே போய்ச் சேருகிறது.

பெண்களுக்கு என்ன இடம்?

அரசியல் சபையில் இடமே இல்லாதவர்களுக்கு விழாவில் இருந்தது. பூசாரிணிகள், கூடை சுமப்பவர்கள், ஆடை நெய்பவர்கள். ஆண்களை உள்ளேயே விடாத விழாக்களும் உண்டு. பெரியது தெஸ்மோஃபோரியா, விதைப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்தில், தானியத் தேவி டெமீட்டருக்கு.

மூன்று நாள் கல்யாணமான பெண்கள் வீட்டை விட்டு வந்து தனியே தங்குவார்கள். முதல் நாள் விழா இடத்துக்கு ஏறிப் போவது. இரண்டாம் நாள் விரதம், தரையில் உட்கார்ந்து. மூன்றாம் நாள் ‘கல்லிகெனேயா’, நல்ல பிள்ளைப்பேற்றுக்கான நாள். இடையில் ஒருவரையொருவர் பச்சை பச்சையாகக் கேலி பேசுவதும் சடங்கின் பகுதியே. முன்பே குழிகளில் போட்டு அழுகிப்போன பன்றிக்குட்டிகளின் மிச்சத்தை, மூன்று நாள் சுத்தம் காத்த பெண்கள் இறங்கி அள்ளி வருவார்கள். குழியில் பாம்பு இருக்கும் என்பதால் கை தட்டிக்கொண்டே இறங்குவார்கள். அள்ளியதைப் பீடத்தில் வைத்து விதையோடு கலந்தால் விளைச்சல் நன்றாக வரும். எருவுக்கும் பூசைக்கும் நடுவே கோடு போட முடியாத இடம் இது.

கணவன்மார் உள்ளே வர முடியாது, ஆனால் பணம் கட்ட வேண்டும். 3 டாலண்ட், அதாவது 18,000 திராக்மா, சொத்துள்ளவன் மனைவியின் சார்பில் மற்றப் பெண்களுக்குத் தெஸ்மோஃபோரியா விருந்து வைத்தாக வேண்டும் என்று ஒரு சொத்து வழக்கில் வருகிறது. அங்கே அது வெறும் தகவல் அல்ல. ‘இவள் முறையான மனைவி என்றால் ஏன் அந்த விருந்தை வைக்கவில்லை?’ என்பது வாதம். திருமணப் பதிவேடு இல்லாத ஊரில் பந்திதான் பதிவேடு.

அடிமைகள்?

கோடையில் ‘குரோனியா’ அன்று எஜமானும் அடிமையும் ஒரே பந்தியில் உட்கார்வார்கள். ஒரு நாள்தான். ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலூசிஸில் டெமீட்டருக்கு நடந்த ரகசியச் சடங்கில் கிரேக்கம் பேசுகிற, கொலைத் தீட்டு இல்லாத யாரும் தீட்சை பெறலாம். ஆண், பெண், அடிமை, வெளியூர்க்காரர் என்ற பேதமில்லை. கட்டணம் மட்டும் உண்டு. உள்ளே கண்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை வரை போகும், கி.மு. 415-இல் வீட்டு விருந்தில் அந்தச் சடங்கைக் கேலியாக நடித்தார் என்ற குற்றச்சாட்டில்தான் தளபதி அல்சிபயடீஸ் எதிரி நாட்டுக்கே ஓடினார்.

திருவிழாவுக்காகப் போரை நிறுத்தினார்களா?

ஒலிம்பிக் காலத்தில் கிரேக்கம் முழுக்கச் சமாதானம் நிலவியது என்பது மிகை. ‘எக்கெக்கெய்ரியா’ என்ற ஒலிம்பிக் போர்நிறுத்தம் முக்கியமாக ஒலிம்பியாவின் நிலத்துக்கும் அங்கே வருவோர் போவோருக்கும் பாதுகாப்பு. ஆனால் அதை மீறினால் விடமாட்டார்கள். கி.மு. 420-இல் ஸ்பார்டா மீறியது என்று 2,000 மினா அபராதம். கட்டாததால் விழாவிலிருந்தே விலக்கினார்கள். லிக்காஸ் என்ற ஸ்பார்டாக்காரர் தன் தேரை வேறு நாட்டின் பெயரில் ஓட விட்டார். தேர் ஜெயித்ததும் ஆசை அடக்க முடியாமல் களத்தில் இறங்கிச் சாரதிக்கு மாலை கட்டினார். நடுவர்கள் கசையால் அடித்தார்கள்.

மறுபக்கம், 480-இல் பாரசீகப் பெரும்படை வந்தபோது தெர்மோபிலேக்கு ஸ்பார்டா 300 பேரை மட்டும் முன்னே அனுப்பியதற்கு ஹெரடோட்டஸ் சொல்லும் காரணம் கார்னேயா திருவிழா. முடிந்ததும் முழுப் படையும் வருவதாக ஏற்பாடு.

தேதியை எப்படிக் கணக்கிட்டார்கள்?

நிலவை வைத்து. ஆனால் அதிகாரிகள் தேவைக்கேற்ப நாட்களைச் சேர்க்கலாம். அரிஸ்டோஃபேனஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில் நிலாவே புகார் செய்கிறது: நீங்கள் தேதியைக் குழப்புகிறீர்கள், விருந்து என்று நம்பி வந்த தெய்வங்கள் பட்டினியாகத் திரும்பிப் போய் என்னைத் திட்டுகின்றன!

எப்போது நின்றது?

ஒரே நாளில் அல்ல. பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 391, 392-இல் பலியைச் சட்டத்தால் தடுத்தார். எலூசிஸ் 396-இல் கோத் இனத் தலைவன் அலரிக்கின் படையெடுப்பில் அழிந்தது. ஆனால் அதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே விரிசல் தெரிகிறது, அதுவும் கறியில்தான். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் பவுலிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது. அந்தத் தட்டை ஒருவர் வேண்டாம் என்று தள்ளினால், பந்தியில் பக்கத்தில் இருக்கும் மாமனும் மச்சானும் என்ன நினைப்பார்கள் என்பதும் அதில் அடக்கம்.

இன்று பார்க்க என்ன மிச்சம்?

அக்ரோபோலிஸில் உள்ள அதீனாவின் பார்த்தெனான் கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் சிற்பப் பட்டை பானதெனேயா ஊர்வலம் என்பது பெரும்பாலோர் கருத்து. பெரும் பகுதி லண்டனிலும் ஏதென்ஸிலும் இருக்கிறது. பந்தய வெற்றியாளருக்கு எண்ணெய் நிரப்பிக் கொடுத்த பெரிய ஜாடிகள் பல அருங்காட்சியகங்களில் உண்டு. ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் பந்தயம். லைசிக்ராட்டிஸ் என்ற கொரேகஸ் கி.மு. 335-334-இல் வென்றதற்கு நிறுவிய சின்னம் ஏதென்ஸின் பிளாக்கா பகுதியில் இன்னும் நிற்கிறது.

என்னைக் கேட்டால், சின்னச் சின்ன மதுக் குடுவைகளைத் தேடிப் பாருங்கள். வசந்தத்தில் நடந்த ஆந்தெஸ்டீரியாவின் இரண்டாம் நாள் ‘கோயெஸ்’. புது மதுவை ஒவ்வொருவரும் தனித்தனிக் குடுவையில், பேசாமல் குடிக்கும் நாள். தாயைக் கொன்ற தீட்டோடு புராண நாயகன் ஒரெஸ்டிஸ் ஏதென்ஸுக்கு வந்தபோது, ஒரே கலத்தைப் பகிர முடியாமல் ஆளுக்கொரு குடுவை கொடுத்ததால் வந்த வழக்கம் என்று காரணம் சொன்னார்கள். அன்றைக்கு மூன்றாம் வயதை எட்டிய குழந்தைகளுக்குப் பூமாலை சூட்டுவார்கள். அதற்கான குட்டிக் குடுவைகள் கைக்கு அடக்கமாக இருக்கும். மேலே தவழும் குழந்தை, உருட்டும் வண்டி, நாய்க்குட்டி, பலகாரம் நோக்கி நீளும் கை. குழந்தைகளின் கல்லறைகளிலும் இவை கிடைக்கின்றன. ரோமானியர் காலத்து ஏதென்ஸில் ஒரு குழந்தையின் கல்லறைக் கல்லில் இப்படி வெட்டியிருக்கிறது: கோயெஸ் கொண்டாடும் வயது, விதி கோயெஸை முந்திக்கொண்டது.